சங்குப்பூ விதை முளைக்கவில்லை என்றால், முதலில் அந்தத் தொட்டி மண்ணைச் சலித்துப் பாருங்கள்

ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இதுதான். கீழக்கரையில், கடலிலிருந்து நாலு தெரு தள்ளி வீடு. மொட்டைமாடித் தொட்டியில் நீலச் சங்குப்பூ விதையை மூன்று தடவை போட்டிருக்கிறார், மொத்தம் 30 விதை. முளைத்தது இரண்டுதான். அந்த இரண்டும் ஒரு முழம் வளர்ந்து, இலை மஞ்சளாகி அப்படியே நிற்கின்றன. போர் தண்ணீர் உப்பு. தொட்டியில் இருப்பது பக்கத்துக் காலிமனையில் அள்ளிய மணல். மலேசியாவில் நீலச் சோறு சாப்பிட்டு வந்த உம்மாவுக்கு, வீட்டில் பூத்த பூவிலேயே அதைச் செய்து கொடுக்க ஆசைப்படுகிறார். "கடையில் தந்தது செத்த விதையா, எங்கள் ஊர் மண்ணுக்கே இது வராதா, பேசாமல் மல்லிகை நாற்று வாங்கி வைத்துவிடவா?" என்று கேட்கிறார்.

நான் உச்சிப்புளி பக்கம் இருக்கிறேன். வடக்கே போனாலும் கடல், தெற்கே போனாலும் கடல். அதே மணல், அதே உப்புத் தண்ணீர், அதே காற்று. எங்கள் வீட்டு வேலியில் பல வருடமாகச் சங்குப்பூ நிற்கிறது, எல்லாமே விதையிலிருந்து வந்தவை. அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: உங்கள் ஊர் மண்ணுக்கு இது வரும். முளைக்காத அந்த 28 விதையும் செத்துப்போயிருக்கும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

தயவுசெய்து அந்த மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். காயவிட்டு, மாவுச் சல்லடையை விடக் கொஞ்சம் பெரிய கண் உள்ள சல்லடையில் சலியுங்கள். உளுந்தை விடச் சற்றுப் பெரியதாக, கறுப்பாகவோ பழுப்பில் புள்ளி போட்டதாகவோ விதைகள் கிடைக்கும். விரல் நகத்தால் அழுத்துங்கள். நசுங்கிக் கூழானால் அது அழுகிய விதை. கல் மாதிரி கெட்டியாக இருந்தால் உயிரோடுதான் இருக்கிறது. உங்கள் தொட்டியில் மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றியும் ஒரு சொட்டுகூட அதற்குள் போகவில்லை, அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

சங்குப்பூ, அவரை, பயறு எல்லாம் ஒரே குடும்பம். ஆனால் பயறு மாதிரி இரவு ஊறவைத்தால் காலையில் முளைவிடுகிற சாது விதை இல்லை இது. இதன் தோலில் தண்ணீர் புகாத ஒரு கெட்டிப் படலம் இருக்கிறது. வெயில், காற்று, மணலில் உரசல் என்று பட்டுப் பட்டு அந்தத் தோல் எங்காவது விரிசல் விட்டால்தான் உள்ளே ஈரம் போகும். ஒரே காயில் இருக்கும் விதைகள்கூட ஒன்றாக முளைப்பதில்லை. ஒன்று இந்த மழைக்கு வரும், ஒன்று அடுத்த மழைக்கு, ஒன்று அதற்கும் அடுத்த வருடம். நம் மாவட்டத்து மழையை யோசித்துப் பாருங்கள். ஆவணியில் ஒரு நாள் கொட்டிவிட்டு, அப்புறம் ஒரு மாதம் வானம் திரும்பிக்கூடப் பார்க்காது. அந்த முதல் மழையை நம்பி எல்லா விதையும் முளைத்திருந்தால் எல்லாமே கருகியிருக்கும். கொஞ்சத்தைக் காத்திருக்க வைப்பதுதான் இந்தக் கொடி பிழைக்கிற வழி. நீங்கள் கடற்கரையில் பார்க்கும் அடம்பங்கொடியும் இதே கட்சிதான். அதன் விதை கடலில் மிதந்து வேறு கரையில் ஒதுங்கிக்கூட முளைக்கும், தோல் அவ்வளவு கெட்டி.

ஆக, நீங்கள் செய்ய வேண்டியது விதைக்கு ஒரு வாசல் திறந்துவிடுவது. விதையைக் கையில் வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் வெளிறிய சின்னப் புள்ளி தெரியும். காயோடு ஒட்டியிருந்த இடம் அது. அதன் பக்கத்தில்தான் முளைக்குருத்து இருக்கிறது, அங்கே கை வைக்கக் கூடாது. அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் நகவெட்டியால் தோலை மட்டும் ஒரு துளி கிள்ளி எடுங்கள். உள்ளே வெளுப்பாகத் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். நகவெட்டி வழுக்கினால் தச்சர்கள் வைத்திருக்கும் உப்புத்தாளில் அதே பக்கத்தை நாலு தேய், ஐந்து தேய். அதுவும் இல்லையென்றால் சொரசொரப்பான சிமென்ட் தரை போதும். நிறைய விதை இருந்தால் ஒவ்வொன்றாகக் கிள்ள முடியாது. அப்போது தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, ஐந்து நிமிடம் விட்டு, விதை மேல் ஊற்றி ஆறவிடலாம். ஆனால் வெந்நீர் முறையில் சில விதை வெந்துபோகும், சிலது அசையாமலே இருக்கும். 30 விதைக்கு நகவெட்டிதான் என் தேர்வு.

கிள்ளியதை ஓர் இரவு ஊறவையுங்கள். எந்தத் தண்ணீரில் ஊறவைக்கிறீர்கள் என்பதில்தான் நம் கடற்கரை வீடுகளில் பலர் தவறுகிறார்கள். போர் தண்ணீரில் துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் வேகாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்த தண்ணீர் விதையையும் அப்படித்தான் படுத்தும். வெளியே உப்பு அதிகமாக இருந்தால் விதைக்குள் நீர் ஏறுவது மந்தமாகும், ஏறினாலும் முளை பலவீனமாகும். அதனால் குடிக்கிற காவிரித் தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஏசி இருந்தால் அதன் குழாயில் சொட்டும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். காற்றில் இருக்கிற ஈரம் குளிர்ந்து வடிவது அது, உப்பே இருக்காது. கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் ஏசி ஓடுகிற நாளில் பல லிட்டர் சேரும். விதை ஊறவைக்கவும் நாற்றுக்குத் தெளிக்கவும் அது நல்லது.

காலையில் பார்த்தால் ஊறிய விதை ஏறக்குறைய இரண்டு மடங்கு உப்பியிருக்கும். அதை மட்டும் நட எடுங்கள். உப்பாத விதையை நடாதீர்கள், நட்டால் பழைய கதைதான். இன்னொரு தடவை சற்று ஆழமாகக் கிள்ளி மறுபடி ஊறவையுங்கள். உப்பிய விதையை 24 மணி நேரத்துக்கு மேல் தண்ணீரில் விடவும் கூடாது, மூச்சுமுட்டி அழுகிவிடும். இந்த ஒரு பழக்கம் வந்த பிறகு எங்கள் வீட்டில் பத்து நட்டால் எட்டாவது வருகிறது. கிள்ளிய விதை ஒரு வாரம், பத்து நாளில் தலைகாட்டும்.

எதில் நடுவது? சங்குப்பூவுக்கு ஆணிவேர் நேராகக் கீழே இறங்கும், பிடுங்கி நடுவது அதற்குப் பிடிக்காது. நிலையாக இருக்கப்போகிற தொட்டியிலேயே நட்டுவிடுவது முதல் வழி. மயில், அணில் தொல்லை இருந்தால் சின்னக் கப்பில் முளைக்கவைத்து, நாலைந்து இலை வந்ததும் மண்ணோடு மாற்றலாம். நான் பனையோலைக் கொட்டானில், அதாவது ஓலையில் முடைந்த சின்னக் கூடையில் போடுகிறேன். நடும்போது கொட்டானின் அடியை மட்டும் கிழித்துவிட்டு அப்படியே குழியில் இறக்கிவிடுவேன், வேருக்குத் தெரியவே தெரியாது. சாயல்குடி பக்கத்திலிருந்து வருபவர்களிடம் சொன்னால் சின்னக் கொட்டான் கிடைக்கும். ஒரு கொட்டானுக்கு இரண்டு விதை, அரை விரற்கணு ஆழம். அதற்கு மேல் ஆழமாகப் போட வேண்டாம்.

இனி அந்த மஞ்சள் இலைக்கு வருவோம். இதில் அவசரப்பட்டு யூரியா போட்டுவிடாதீர்கள். எந்த இலை மஞ்சளாகிறது, எப்படி மஞ்சளாகிறது என்று முதலில் பாருங்கள். நுனியில் புதிதாக வரும் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகக் கோடு போட்ட மாதிரி தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. அடியிலிருக்கும் பழைய இலையின் ஓரம் பழுப்பாகிக் கருகிக்கொண்டு வந்தால் உப்பு. அடி இலை முழுதும் ஒரே சீராக வெளிறி உதிர்ந்தால், வேரில் தண்ணீர் தேங்குகிறது, இல்லையென்றால் தழைச்சத்து போதவில்லை.

காலிமனை மணல் என்று நீங்கள் சொன்னதால் என் சந்தேகம் முதலாவதில்தான் அதிகம். நம் கரை மணலில் சிப்பியும் கிளிஞ்சலும் நொறுங்கிக் கலந்திருக்கும், அதாவது சுண்ணாம்பு. ஒரு பிடி மணலைக் கிண்ணத்தில் போட்டு மேலே வினிகர் ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். அப்படிப்பட்ட மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாத வடிவத்தில் பூட்டிக்கிடக்கும். மண்ணில் இன்னும் இரும்பைக் கொட்டினால் அதுவும் பூட்டிக்கொள்ளும். அதனால் இலை வழியாகக் கொடுக்க வேண்டும். உரக்கடையில் அன்னபேதி உப்பு என்று கேளுங்கள். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 5 கிராம் கரைத்து, அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலை நனையத் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை. கரைத்ததை அன்றைக்கே தெளித்துவிட வேண்டும், வைத்திருந்தால் துருநிறமாகிக் கெட்டுவிடும். வெள்ளைச் சுவரில் பட்டால் கறை போகாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வெளுத்த இலை பழையபடி ஆவது கஷ்டம். புது இலை பச்சையாக வருகிறதா என்றுதான் கவனிக்க வேண்டும்.

இது தற்காலிக மருந்து. நிலையான வழி மண்ணை மாற்றுவதுதான். 12 அங்குலத் தொட்டி, அடியில் நாலைந்து ஓட்டை, இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு ஆற்று மணல், ஒரு பங்கு நன்றாக மக்கிய ஆட்டுப்புழுக்கையோ சாணியோ. சங்குப்பூ களிமண்ணிலும் வரும், கொஞ்சம் காரமான மண்ணையும் தாங்கும், வறட்சியையும் பொறுக்கும். நம் ஊருக்குக் கிடைத்த நல்ல குணங்கள் இவை. ஆனால் வெறும் கிளிஞ்சல் மணலில் அதற்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. தென்னை நார்க்கழிவு சேர்ப்பதானால் ஒரு எச்சரிக்கை. அதில் இயல்பாகவே உப்பு இருக்கும். கட்டியாக வாங்கியதை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, மறுபடி ஊறவைத்துப் பிழிந்து, மூன்று தடவை அலசிய பிறகே கலக்க வேண்டும். முதல் வருடம் அது தெரியாமல் கழுவாத நார்க்கழிவில் போட்டேன். முளைத்த பன்னிரண்டு நாற்றும் பத்து நாளில் ஓரம் கருகிச் செத்தன. மண்ணைக் குறை சொல்லி, காற்றைக் குறை சொல்லி, காரணம் புரிவதற்கு எனக்கு ஒரு பருவம் போய்விட்டது.

நம் கரையில் இன்னும் இரண்டு பழக்கங்களைப் பார்க்கிறேன். ஒன்று, கருவாடு கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது. பச்சை மீன் கழுவிய தண்ணீர் பரவாயில்லை, உரம்தான். கருவாட்டுத் தண்ணீர் உப்புக்கரைசல், அதைத் தொட்டிக்குக் கொண்டுபோகவே கூடாது. இரண்டாவது, ஆர்.ஓ. மெஷின் கழித்துத் தள்ளும் தண்ணீரை வீணாக்க வேண்டாம் என்று செடிக்கு விடுவது. எண்ணம் நல்லதுதான். ஆனால் உங்கள் போர் தண்ணீரிலிருந்த உப்பெல்லாம் செறிந்து வருவது அந்தக் கழிவுக் குழாயில்தான். தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரை அளந்து பார்த்துவிட்டால் யூகம் வேண்டாம். ஆர்.ஓ. மெஷின் சர்வீஸுக்கு வருபவரிடம் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கிற, பேனா மாதிரி டி.டி.எஸ். மீட்டர் இருக்கும், போர் தண்ணீரில் முக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் பாசனநீர் அளவுகோல்படி, லிட்டருக்கு 450 மில்லிகிராம் வரை கவலையே இல்லை. 2000 வரை போகப் போகக் கவனம் தேவை. 2000-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிருக்குக் கடுமையான சிக்கல். உங்களுடையது 2000-க்குள் இருந்தால் வளர்ந்த கொடிக்கு அதையே பாதியும் நல்ல தண்ணீர் பாதியுமாகக் கலந்து ஊற்றலாம். நாற்றுக்கு மட்டும் முதல் ஒரு மாதம் முழுக்க நல்ல தண்ணீர் கொடுங்கள், ஒரு நாளைக்கு ஒரு சொம்புதானே. உப்புத் தண்ணீரை இலை மேல் தெளிக்காமல் அடியில் மட்டும் ஊற்றுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, தொட்டி கொள்ளளவுக்கு இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை நிதானமாக ஊற்றி அடி ஓட்டை வழியாக வடியவிடுங்கள், சேர்ந்த உப்பு இறங்கிவிடும். தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொரிப்பு தெரிந்தால் தேதி பார்க்க வேண்டாம், அன்றைக்கே செய்யுங்கள். மண் மேல் காய்ந்த ஓலையோ சருகோ மூடி வைத்தால் ஈரம் ஆவியாவதும் உப்பு மேலேறுவதும் குறையும்.

இவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 900 லிட்டர். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே இரவில் அதைப்போலப் பல மடங்கு கொட்டுகிற ஊர் நம்முடையது. ஒரு டிரம் வைத்தாலே நாலு தொட்டிக்குத் தாராளம். பழைய ஆட்கள் ஆழமாகப் போகாமல் மணலில் கையால் ஊற்று தோண்டித் தண்ணீர் எடுத்ததும் மழையை நம்பித்தான். நல்ல தண்ணீருக்கு எடை குறைவு, அடியிலிருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே அது மெல்லிய படலமாக மிதக்கும். போர் போட்டு ஆழத்திலிருந்து உறிஞ்ச உறிஞ்சத்தான் உப்பு மேலே வந்தது. இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. எங்கள் தெருவிலேயே இனிப்பாக இருந்த ஊற்று இரண்டு இன்று வாயில் வைக்க முடியவில்லை.

அடுத்தது காற்று. நீங்கள் மன்னார் வளைகுடாப் பக்கம் இருக்கிறீர்கள். வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கும்போது தென்மேற்கிலிருந்து உப்புத் துவலை நேராக உங்கள் மாடிக்கு வரும். கொடியை மாடியின் வடகிழக்கு மூலைக்கு மாற்றுங்கள், கைப்பிடிச்சுவர், தண்ணீர்த் தொட்டி ஏதாவது ஒன்று தென்மேற்கை மறைக்கட்டும். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் இருப்பவர்களுக்கு இது தலைகீழ், அவர்கள் வாடைக்குத்தான் மறைப்புத் தேட வேண்டும். மறைப்புக்காக நிழலில் வைத்துவிடாதீர்கள். ஒரு நாளைக்கு ஆறு மணி நேர வெயிலாவது விழ வேண்டும், குறைந்தால் இலைதான் மிஞ்சும், பூ வராது. காற்று பலமாக அடித்த மறுநாள் காலையில் இலையை நல்ல தண்ணீரால் ஒரு தடவை கழுவிவிட்டால் போதும்.

விதைக்கிற காலம்: ஆவணிக் கடைசி அல்லது புரட்டாசியில் கொட்டானில் போட்டு, மழை பிடித்ததும் தொட்டிக்கு மாற்றுவது என் வழக்கம். மழையே உப்பைக் கழுவித் தருகிறது, கச்சானும் ஓய்ந்திருக்கும். அடைமழை நாளில் மட்டும் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு இழுத்துவிட வேண்டும். அதைத் தவறவிட்டால் தை, மாசி. சித்திரை முதல் ஆடி வரை புதிதாக விதைக்க வேண்டாம்.

உரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பயறு குடும்பம் என்பதால் இதன் வேர் முடிச்சுகளில் இருக்கும் பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும். ஆனால் அந்த பாக்டீரியா மண்ணில் இருக்க வேண்டும், காலிமனை மணலில் இருந்திருக்க வாய்ப்பு குறைவு. தட்டைப்பயறு விளைந்த நிலத்திலிருந்து இரண்டு கைப்பிடி மண் கொண்டுவந்து தொட்டியில் கலந்தால் போதும். இல்லையென்றால் உரக்கடையில் தட்டைப்பயறுக்குத் தருகிற ரைசோபியம் பாக்கெட் வாங்கி, ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து, ஊறிய விதையில் தடவி, நிழலில் அரை மணி உலர்த்தி நடுங்கள். பக்கத்து மூன்று வீட்டுக்கும் பங்கு கொடுக்கலாம், பாக்கெட் அவ்வளவு பெரிது. யூரியா கொடுத்தால் கொடி பச்சைப்பசேலென்று ஓடும், பூ தள்ளிப்போகும்.

கொடி ஏறுவதற்கு மெல்லிய பிடி வேண்டும். தண்டே சுற்றிச் சுற்றி ஏறுகிற இனம் இது, பருத்த தூணைப் பிடிக்கத் தெரியாது. நம் ஊரில் எல்லோரும் பழைய மீன்வலையைக் கட்டிவிடுகிறார்கள். கட்டலாம், ஆனால் ஒரு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பு போன பிறகு கட்டுங்கள். நரம்பு மாதிரி மெல்லிய நைலான் வலை மட்டும் வேண்டாம். ஓணானும் சிட்டும் அதில் மாட்டித் துடிப்பதைப் பார்த்திருக்கிறேன், அறுத்து எடுத்துவிட்ட பிறகும் பிழைக்கவில்லை. கை நுழைகிற அளவு கண் உள்ள தடித்த வலை, இல்லையென்றால் தென்னங்கயிற்றை ஏணி மாதிரி கட்டுங்கள். கொடி ஒரு சாண் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளை விடும். இரண்டு ஆள் உயரம் வரை ஏறும். தரையில் வைப்பதானால் ஆட்டிடமிருந்து காப்பாற்றுங்கள். சில நாடுகளில் இதைக் கால்நடைத் தீவனமாகவே பயிரிடுகிறார்கள், வெள்ளாடு கண்டால் ஒரு இலை மிச்சம் வைக்காது. மாவுப்பூச்சியோ அசுவினியோ வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சோப்புக் கரைசல் சில துளி, மாலையில்.

விதைத்த ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் பூ. அன்றைக்கு உம்மாவை மாடிக்கு அழைத்துக்கொண்டு போங்கள். சங்கு குளிக்கிற ஊர்க்காரர்களுக்கு அந்த மொட்டின் வடிவத்தைப் பார்த்ததும் ஏன் இந்தப் பேர் வந்தது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். அவர் சாப்பிட்டது கிளந்தான் பக்கத்து நாசி கெராபுவாக இருக்கும், அந்தச் சோற்றுக்கு நீலம் தருவது இதே பூதான். ஒரு வேளைச் சோற்றுக்குப் பத்துப் பதினைந்து பூ. பச்சைக் காம்பை நீக்கி, கொதிநீரில் போட்டு, வடிகட்டிய நீலத் தண்ணீரில் அரிசியை வேகவையுங்கள். எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாகிவிடும், நீலமாகவே வேண்டுமென்றால் சோற்றில் புளிப்பு சேர்க்காதீர்கள். அன்னபேதி, வேப்பெண்ணெய் தெளித்த வாரத்துப் பூவைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம். அப்புறம், முக்கியமாக ஒன்று. விதையும் வேரும் கடுமையாக வயிற்றைக் கலக்கும். பூவைத் தவிர எதையும் உணவில் சேர்க்காதீர்கள், குழந்தைகள் விதையை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் பூவையும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம்.

மல்லிகை பற்றிக் கேட்டீர்கள். தங்கச்சிமடம் மல்லிகை நாற்று பேர்போனது, தாராளமாக வையுங்கள். ஆனால் சங்குப்பூவுக்குப் பதிலாக என்று வைக்காதீர்கள். அதே மணலிலும் அதே போர் தண்ணீரிலும் மல்லிகை இலையும் மஞ்சளாகத்தான் செய்யும். மண்ணையும் தண்ணீரையும் ஒரு தடவை சரிசெய்துவிட்டால் இரண்டும் ஒரே மாடியில் நிற்கும்.

தினமும் பூவைப் பறித்தால் கொடி பூத்துக்கொண்டே இருக்கும். காய் பிடிக்கவிட்டால் பூ குறையும். அதனால் விதைக்கு என்று நாலைந்து காயை மட்டும் அடையாளத்துக்கு நூல் கட்டி விடுங்கள், பலமாக நிற்கிற கொடியாகப் பார்த்து. பூ பெரும்பாலும் மொட்டுக்குள்ளேயே தன் மகரந்தத்தால் கருவுற்றுவிடும் என்பதால் நீலத்திலிருந்து நீலமே வரும், அடுக்குப்பூவிலிருந்து அடுக்குப்பூ வரும். பச்சை மாறி வைக்கோல் நிறம் வந்ததும் காயைப் பறித்துத் துணிப்பையில் போட்டு நிழலில் தொங்கவிடுங்கள். கொடியிலேயே விட்டால் ஒரு மத்தியான வெயிலில் முறுக்கிக்கொண்டு படீரென்று வெடித்து விதையெல்லாம் பக்கத்து மாடிக்குப் போய்விடும். எடுத்த விதையைப் பாட்டிலில் போட்டு மேலே மாதத்தை எழுதி ஒட்டுங்கள். புதிதாகப் பறித்ததுதான் மிகக் கெட்டி, ஆறு மாதம் போனால் தோல் கொஞ்சம் இளகும். தை மாதம் எடுத்ததை ஆவணிக்கு வைத்திருங்கள். அப்போதும் நகவெட்டியை மறக்க வேண்டாம்.